குல்பாஷ் வைத்த விருந்து

கஜகஸ்தானின் கரகண்டாவில் வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் வழியாகத்தான் சூடு வருகிறது. சூடு வராவிட்டால் மக்கள் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து திட்டுவார்கள். அந்தத் திட்டு முழுவதையும் சிரித்தபடி வாங்கிக்கொள்பவர் எங்களில் மூத்தவரான ஸௌரே அபாய். அக்காவைத்தான் இங்கே அபாய் என்போம். "கத்துங்க, கத்துங்க, கத்தினா உடம்பு சூடாகும்" என்பார். எதிர்முனையில் இருப்பவரும் கடைசியில் சிரித்துவிடுவார்.

போன கோடையில் இரண்டு வட்ட அலுவலகங்களை ஒன்றாக்கி, எங்கள் அறையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸௌரே அபாயின் உயிர்த்தோழி குல்பாஷும் போனார். பக்கத்து வட்டத்திலிருந்து உல்ஜான் குல்பாஷின் மேசைக்கு வந்தாள். அவளோடு எர்கின் என்று ஓர் இளைஞனும் வந்தான்.

எங்கள் ஊரில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முன்பே இருப்பவர்கள் எருலிக் விருந்து வைக்க வேண்டும். அதுவரை வந்தவர்கள் அவர்கள் வீட்டு வாசற்படி ஏற மாட்டார்கள். எங்கள் அறையிலும் இதே வழக்கம்தான். மூத்தவர்தான் அழைக்க வேண்டும். ஸௌரே அபாய் அழைக்கவில்லை. அதனால் புதியவர்கள் இருவரும் பொதுக் கெட்டிலைத் தொடாமல், பிளாஸ்க்கில் கொண்டுவந்த தேநீரைத் தங்கள் மேசையிலேயே குடித்தார்கள். அடுத்து வேலை போகும் பெயர் யாருடையதோ என்ற பயத்தில் இருந்த நாங்களும் மெல்ல மெல்லத் தனித்தனியாகச் சாப்பிடத் தொடங்கினோம்.

"எப்பக் கூப்பிடப் போறீங்க அபாய்?" என்று கேட்டேன்.

"விருந்துக்கு அறுக்க நல்லாக் கொழுத்த குதிரை கெடைக்கட்டும்."

"அக்டோபரே வந்துருச்சு."

"அப்ப மெலிஞ்சது கெடைக்கட்டும்."

ஒருநாள் கைகழுவும் இடத்தில் என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "குல்பாஷ் எடத்துக்கு வந்தவளுக்கு நான் விருந்து போட்டா, அப்புறம் குல்பாஷ் மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவ உப்பைத் தின்னவ நான்."

குளிர் தொடங்கிய வாரம், இரண்டு வட்டங்களும் சேரும் தெருவிலிருந்து சூடு வரவில்லை என்று போன் வந்தது. ஸௌரே அபாய் ஆட்களை ஒரு வால்வுக்கு அனுப்பினார். அது தவறான வால்வு. தெரு முழுவதும் மதியம்வரை குளிரில் நடுங்கியது. சரியான வால்வு எது என்று உல்ஜானுக்கு முதலிலேயே தெரியும் என்பது பிறகுதான் வெளிவந்தது.

"தெரிஞ்சும் ஏன்மா வாயைத் திறக்கல?"

உல்ஜானின் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நீங்க என்னை இன்னும் கூப்பிடவே இல்லையே அபாய். கூப்பிடாத எடத்துல நான் எப்படிப் பேச?"

ஸௌரே அபாய் போனை எடுத்தார். குல்பாஷைக் கூப்பிட்டு, விருந்து வைக்கத் தயங்கிய கதையையெல்லாம் சொன்னார். குல்பாஷின் குரல் அறை முழுவதும் கேட்கும் குரல்.

"அடியே, இதுக்காகவா இத்தனை நாளா எங்கூடப் பேசாம இருந்தே? வேலை போனவ தொத்துவியாதிக்காரின்னு ஒதுங்கிட்டியோன்னு ராத்திரியெல்லாம் அழுதேன்டி!"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லடி..."

"வாயை மூடு. அந்த எடத்துல முன்னாடி இருந்தவ யாரு? நான். அப்ப எருலிக்கும் நான்தான் போடணும். குதிரைக்கறிக் கஸி எங்கிட்ட இருக்கு. நீ ஞாயித்துக்கிழமை சீக்கிரமா வந்து மாவு பெசை."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் போனோம். வாசலில் தயங்கி நின்ற உல்ஜானின் கையைப் பிடித்து குல்பாஷ் அபாய் உள்ளே இழுத்தார். "புதுப்பொண்ணு மாதிரி நிக்காத. என்னை அனுப்பினது நீயா என்ன? இன்னும் வேலை கெடைக்கல, ஆனா சோறு எறங்குது. நீயும் சாப்பிடு."

கஸியும், மாவைப் பொரித்த பவுர்சாக்கும் சுற்றி வந்தன. குல்பாஷ் அபாய் திடீரென்று கேட்டார்: "காலைல ஒரு தாத்தா போன் பண்ணுவாரே, வீடு சில்லுன்னு இருக்குன்னு?"

"ஆமா அபாய். மூணு தடவை வண்டி அனுப்பிட்டேன்" என்றாள் உல்ஜான்.

"வண்டியா? அவர் வீடு அடுப்பு மாதிரி கொதிக்கும்டி! பேச ஆள் இல்லாமத்தான் கூப்பிடுறார். பேரன் எப்படி இருக்கான்னு கேளு, போதும்."

எர்கின் தேநீர் புரையேறச் சிரித்தான். "அதான் ஒவ்வொரு தடவையும் எங்க ஆளுங்களை உக்கார வெச்சு அல்வா குடுத்திருக்கார்!" உல்ஜான் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கோடைக்குப் பிறகு நாங்கள் அனைவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

கிளம்பும்போது ஸௌரே அபாயும் மேலங்கியை எடுத்தார். குல்பாஷ் அபாய் அதைப் பிடுங்கிக் கொக்கியில் மாட்டினார். "நீ எங்க போற? இத்தனை நாள் பேசாததுக்கு யாரு கணக்குத் தீர்க்குறது?"

"பாத்திரம் கழுவிட்டு வரேன், நீங்க போங்க" என்று எங்களிடம் சொன்ன ஸௌரே அபாய் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டார். நாங்கள் கடைசிப் படியை எட்டும்வரை மேலே இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.