கித்தான் விரிப்புக்கு மேலே

இரண்டாம் வகுப்பில் படித்தபோது ரயில்வே பட்டறைத் தீ ஒன்றிலிருந்து என்னைக் காப்பாற்றினார்கள். தீ பொய், புகை மட்டும் உண்மை.

அப்பா சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் ரயில் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தார். எண்ணெயும் கரியும் புழங்கும் இடம் என்பதால் பட்டறைக்கென்று சொந்தமாகத் தீயணைப்புப் படை உண்டு. படை என்றால் வேலையாட்களேதான். சனிக்கிழமை வேலை முடிந்ததும் தண்ணீர்க் குழாய் சுற்றிய சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள், வாளிகளில் மணல் நிரப்புவார்கள், ஏணி ஏறுவார்கள். ஏணிக்காரர் அப்பா. அவர்கள் நிஜத் தீ எதையும் அணைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஆண்டுதோறும் சரக்குக் கொட்டகைப் படையோடு போட்டி நடக்கும். கோப்பை தவறாமல் கொட்டகைக்கே போகும்.

அந்த ஆண்டு அப்பா ஒரு வித்தையில் தேறியிருந்தார். மாடி ஜன்னலிலிருந்து மரத்தூள் மூட்டையைப் போடுவார். கீழே ஆட்கள் வட்டமாக நின்று இழுத்துப் பிடித்த கித்தான் விரிப்பின் நட்ட நடுவில் அது விழும். கோப்பை வந்த மாதிரிதான் என்று பட்டறை மேஸ்திரியும் படைத் தலைவருமான மண்டோர் மாமா குடியிருப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்போதுதான் புதிதாக வந்த வெள்ளைக்கார இன்ஜினியர், மூட்டைக்குப் பதில் படைக்கொரு குழந்தையை வைத்துச் செய்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றாராம். எங்கள் குடியிருப்பில் இருப்பதிலேயே எடை குறைந்த பிள்ளை நான்தான். அப்பா ஏதோ முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை. நான் கட்டிலிலிருந்து தலையணை மேல் குதித்துப் பழக ஆரம்பித்தேன்.

போட்டியன்று, அம்மா தேக்கா கடைத்தெருவில் துணி எடுத்துத் தைத்த மஞ்சள் கவுனோடு பட்டறைக் கிடங்கின் மாடியில் நின்றேன். கீழே தகரப் பீப்பாயில் ஈரச் சாக்கு புகைந்தது. மணி அடித்தது. சிவப்பு வண்டி ஓடிவந்தது, தண்ணீர் பீய்ச்சியது, ஜன்னலில் அப்பாவின் தலை தெரிந்தது. உள்ளே வந்தவர் என்னைத் தூக்கி வெளியே நீட்டினார். பக்கத்து ஜன்னலில் கொட்டகைக்காரர்கள் அப்போதுதான் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தபடி கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அப்பா விடவில்லை.

மண்டோர் மாமா கீழிருந்து, "விடுங்கண்ணே, நாங்க பிடிச்சுக்கிறோம்லா," என்றார்.

நானும் விடச் சொன்னேன். அப்பாவின் விரல்கள் என் விலாவில் இன்னும் இறுகின. சட்டென்று என்னை உள்ளே இழுத்தார். முதுகில் ஏற்றிக்கொண்டு, "கழுத்தக் கெட்டியா கட்டிக்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். நாங்கள் தரைக்கு வந்தபோது கொட்டகைப் பையன் கித்தானில் விழுந்து எழுந்து, கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தான்.

கோப்பை இல்லாமல் எங்கள் படை ஓரமாக உட்கார்ந்து, கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் தின்றது. அப்பா பக்கத்தில் நான் உட்காரவில்லை. திரும்பும் வழியில் சிவப்புப் பாகு ஊற்றிய ஐஸ்பால் வாங்கித் தந்தார். அதை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். குடியிருப்பில் கேட்டவர்களுக்கெல்லாம், எங்கப்பாவுக்கு உயரம் என்றால் பயம் என்று சொன்னேன். அது அவர் காதிலும் விழுந்தது.

மறுநாள் மதியம் அம்மாவிடமும் அதையே சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார்.

"உங்கப்பாவுக்கா? பட்டறைக் கூரை ஒழுகினா மேல ஏறித் தகரம் மாத்துறதே அவர்தானே."

"அப்புறம் ஏன் என்னைப் போடல?"

அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். அம்மாவுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.