சி.ஐ.டி. அக்கா வீட்டுக்கு அடியில்

கடற்கரைச் சாலையில் இஸ்திரிக் கடை வைத்திருந்தவளை எல்லாரும் சி.ஐ.டி. அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்த வீட்டு வாசலில் புதுச் செருப்பு கிடந்தால், யாருடையது என்று தெரியும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் புருஷன் அவளுக்குத் தெரியாமல் வீட்டை விற்றுவிட்டு ஓடிப்போனான். அதிலிருந்து யார் சிரித்துப் பேசினாலும் அவளுக்குச் சந்தேகம்தான். இப்போதிருக்கும் வீடு அவள் ஒண்டியாகப் பெட்டி தேய்த்துக் கட்டியது.

எதிர்த் திடலில் தகர வேலி முளைத்தது. கடலடியில் வரும் இன்டர்நெட் கேபிளைக் கரையேற்ற, மணலைத் தோண்டாமல் பூமிக்கு அடியிலேயே கடல்வரை துளை போடுகிறார்களாம். துளை அவள் வீட்டுப் பக்கத்துச் சந்துக்கு அடியில் போகும் என்றார்கள். துளை எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்துத் திருப்பிவிடும் ஆளோ, சந்தை விட்டுவிட்டு அவள் வாசலில் குனிந்து நின்றான்.

"இவன் ஏன்டி இங்க நிக்கிறான்?"

"அவர் வேலையை அவர் பாக்குறாரும்மா. நீ உன் வேலையைப் பாரு" என்றாள் மகள்.

"என் வேலையே இதுதான்டி."

அவன் சட்டை தேய்க்கக் கொடுக்க வந்தபோது அவனையே கேட்டாள். "உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு நாள் காலை குளியலறைத் தரை விரிசல் விட்டு சாம்பல் நிறச் சேறு கொப்புளித்தது. அவள் வாய் திறப்பதற்குள் கதவைத் தட்டினான் அவன்.

"சேறு வந்திருக்காக்கா? துளைக்குள்ள விடுற களிமண் தண்ணி அது. மெஷினை நிறுத்திட்டேன்."

"நீயா வந்து ஏன் சொல்றே? இதைவிடப் பெருசா எதையோ மறைக்கிறே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சந்துக்கு அடியில பாறைக்கா. உங்க வீட்டுக்கு அடியில திருப்பு, வெளியில மூச்சு விடாதேன்னாரு இன்ஜினீயர். நான்தான் திருப்பினேன்."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலிக்குள் போனாள். "இப்ப சொல்லு" என்றாள். எல்லார் முன்னாலும் சொன்னான். இன்ஜினீயர் மழுப்பிப் பார்த்தார், நடக்கவில்லை. துளைக்குள் செருகிய குழாய்களை உருவி எடுத்துவிட்டு, சாலையின் மறுகோடியிலிருந்து புதுத் துளை போட்டார்கள். அவள் குளியலறையையும் பூசிக் கொடுத்தார்கள். அவனுக்கு வேலை போயிற்று.

துணியை வாங்க வந்தவனை உட்காரச் சொல்லிவிட்டு, வாடிக்கைக்காரரான போர்வெல் காண்ட்ராக்டருக்கு போன் போட்டாள். "ஒரு ஆள் அனுப்புறேன். மண்ணுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சவன்."

"நம்பலாமாக்கா?"

"நானே சொல்றேன், அப்புறம் என்ன கேள்வி?"