சித்தப்பா வேகவைத்த உருளைக்கிழங்கு

உறைபனி விழும் மாதங்களில் நீலகிரி மலையில் எங்கள் இத்தலார் வீட்டில் சூடு காட்டாமல் எந்தக் காரியமும் தொடங்காது. தேங்காய் எண்ணெய் டப்பாவுக்கும் சூடு, பள்ளிக்கூட ஷூவுக்கும் சூடு. சித்தப்பா தன் ஜீப்புக்கே வெந்நீர் ஊற்றித்தான் கிளப்புவார். சூடு காட்டினால் நடக்காதது உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. நான் ஏழாவது படிக்கும்போது அந்தக் கட்சிக்கு என் உருளைக்கிழங்கு பலியானது.

ஊட்டியில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. எங்கள் பள்ளி ஒரு தடவைகூட அங்கே பரிசு வாங்கியதில்லை. போன வருடம் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கள் மேசையைப் பார்த்துச் சிரித்ததை அறிவியல் டீச்சர் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. இந்த முறை வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று சபதமே போட்டிருந்தேன். சோதனை எளிதுதான். கிழங்கைத் தோல் சீவி, கிண்ணம்போலக் குடைந்து, உள்ளே சர்க்கரைக் கரைசல் ஊற்றி, மட்டம் தெரிய ஒரு குண்டூசி குத்தி, தண்ணீர்த் தட்டில் நிறுத்த வேண்டும். தட்டுத் தண்ணீர் கிழங்கின் செல்களைக் கடந்து உள்ளே போகும். கரைசல் குண்டூசிக்கு மேலே ஏறும். சவ்வூடு பரவல் என்று பெயர். ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு குடைந்து வைத்தேன்.

காலையில் பல் விளக்கிவிட்டு வந்து பார்த்தால், ஒன்று கொதிக்கிற தண்ணீரில் கிடக்கிறது. பக்கத்தில் சித்தப்பா, கையில் அடுத்ததோடு.

"எண்ணெயே கல்லாட்டம் ஒறஞ்சு கெடக்குது கண்ணு. இந்தக் குளுருல கெழங்குக்குள்ள தண்ணி எப்புடி ஏறும்? சூடு பண்ணிக் குடுத்தா வெரசா ஏறுமில்ல?"

பச்சைக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு அழுதேன். அம்மா சிரித்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கண்காட்சியில் திரும்பிய பக்கமெல்லாம் தெர்மாகோல் செல்கள், விளக்கு எரியும் டி.என்.ஏ. ஏணிகள். என் மேசை மட்டும் மொட்டையாக இருந்தது. இடத்தையாவது நிரப்பட்டும் என்று சித்தப்பா ஜீப்பில் கொண்டுவந்த வெந்ததிலும் கரைசல் ஊற்றி, குண்டூசி குத்தி வைத்தேன்.

மதியம் நடுவர் வந்தார், கோவையில் கல்லூரிப் பேராசிரியையாக இருந்த அம்மையார். பச்சைக் கிழங்கில் கரைசல் குண்டூசியை மூழ்கடித்து விளிம்பைத் தொட்டிருந்தது. அவரோ வெந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல மட்டும் ஏன் ஏறல?"

"சித்தப்பா வேக வச்சுட்டாருங்க."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வெந்தா ஏன் ஏறாது?"

டீச்சர் இதைச் சொல்லித் தரவில்லை. ஆனால் நான் கிழங்கு போடுகிற வீட்டுப் பிள்ளை.

"வெந்த கெழங்கை நட்டா மொளைக்காதுங்க. அதுல உசுரு இல்லீங்க. உசுரு இருக்கறதுதானுங்க தண்ணி இழுக்கும்."

முதல் பரிசு! மைக்கில் என் பெயரும் பள்ளியின் பெயரும் கேட்டதும் டீச்சர் சிறுபிள்ளையாகக் குதித்தார். சிரித்த பிள்ளைகளே கை தட்டினார்கள். அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

திரும்பும் வழியில் சித்தப்பா டீக்கடை டீக்கடையாக ஜீப்பை நிறுத்தி, "நான் வேக வச்சதாலதானுங்க பரிசே" என்று பீற்றிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கெடுத்தும் நான் ஜெயித்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன்! பரிசுக் கோப்பையை அவரைத் தொடக்கூட விடவில்லை.

இன்று கல்லூரியில் நானே அந்தப் பாடத்தை நடத்துகிறேன். வெந்தால் செல்லின் சவ்வு சிதைந்துவிடும், அப்புறம் தண்ணீர் ஏறாது. அதைக் காட்ட வெந்த கிழங்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும். வைக்காத மாணவர்களுக்குப் பாதி மதிப்பெண்தான் போடுகிறேன். என் சோதனையில் மறுபாதியைச் செய்தவர் சித்தப்பா என்பது, கோப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சிறுமிக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது, அவர் டீக்கடையில் சும்மா அளந்துவிட்டார்.