கதவைக் கழற்றி உள்ளே வந்த டிரையர்

போன மழைக்காலத்தில் ஒரு காலை. காலிங் பெல் அடித்தது. திறந்தால் எதிர் ஃப்ளாட் பெண்மணி. கையில் பூஜைப் பிரசாதம்.

உள்ளே வரச் சொன்னேன். அவரால்தான் வர முடியவில்லை. வாசலிலிருந்து சோஃபா வரைக்கும் கயிறு. கயிறு முழுக்க ஈரப் படுக்கை விரிப்புகள், போர்வை, வேட்டிகள். ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்து, குனிந்து, இந்தப் பக்கம் தலையை நீட்டினார்.

"ஏன்ரீ இது, மனெ ஒளகே டென்ட்டா?"

வீட்டுக்குள்ளே கூடாரமா என்று கன்னடத்தில் கேலி செய்கிறார். நல்ல மனுஷி. நானும் சிரித்தேன். மைசூரில் மழை பிடித்துக்கொண்டால் யார் வீட்டில்தான் துணி காய்கிறது?

கூடத்து மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கயிற்றில் தொங்கியதெல்லாம் அவருடைய விரிப்புகள்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரப் போடாம எழுதிக்க அம்மிணி. போட்டாவும் வேண்டாம்" என்றார். ஆகவே பெயர் இல்லை. மாமா என்றே வைத்துக்கொள்வோம்.

மாமாவுக்கு ஹனூர் பக்கம். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு வருஷக்கணக்காக பஸ் ஓட்டியவர். அந்த வளைவுகளில் யானைக்கு வழிவிட்டு, மழைக்கும் ஈடுகொடுத்து, பஸ் நிறைய பக்தர்களைப் பத்திரமாக இறக்கியவர். அந்த மனிதருக்கு பிராஸ்டேட் ஆபரேஷன் ஆனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் தூக்கத்தில் சிறுநீர் நிற்கவில்லை. சரியாகிவிடும், ஆனால் நாளாகும் என்றார் டாக்டர்.

டயப்பர்? போட்டுப் பார்த்தோம். இரண்டு கம்பெனி மாற்றினோம். தோல் வெந்து புண்ணாகிவிட்டது. டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார். அதனால் ரப்பர் ஷீட், மேலே விரிப்பு, காலையில் மெஷின். துவைப்பது ஒரு விஷயமே இல்லை. காய்வதுதான்... மொட்டை மாடியில் மழை. பால்கனியில் சாரல். மிச்சம் இருந்தது கூடம்.

கூடார வசனத்துக்கு அடுத்த வாரம், மாமா பாத்ரூம் வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி படவில்லை. டாக்டரிடம் ஓடினோம். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை, அதோடு யூரின் இன்ஃபெக்ஷன் வேறு. "தண்ணி குடிக்கிறாரா இல்லையா?" என்று என்னைத்தான் முறைத்தார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து மாமா அறையைப் பார்த்தேன். நான் காலையில் நிரப்பி வைத்த சொம்பு அப்படியே இருந்தது.

"ஏன் மாமா?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகரவில்லை. கடைசியில் சொன்னார்.

"குடிச்சா நனையுது. நனைஞ்சாத் தொங்குது. தொங்குனா ஊரே பாக்குது. நான் ஹனூருக்கே போயிர்றேன் அம்மிணி. அங்க கேக்கறதுக்கு யாரும் இல்ல."

ஹனூர் வீட்டில் உண்மையிலேயே யாரும் இல்லை. பூட்டிக் கிடக்கிற வீடு. தலைசுற்றி விழுந்தால் தூக்கவும் ஆள் கிடையாது.

அன்று சமையலறையில் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே முடிவெடுத்தேன். இந்த வீட்டுக் கூடத்தில் இனி ஒரு ஈரத் துணி தொங்காது. டிரையர் வாங்குகிறோம்.

என் கணவர் சிரித்தார். "மைசூருக்கு டிரையரா? அதெல்லாம் அமெரிக்காவுல. ரெண்டு மாசம் போனா வெயில் வந்துடும்!"

"ரெண்டு மாசம் உங்கப்பா தண்ணி குடிக்காம இருப்பாரா?"

சிரிப்பு நின்றது. அளக்கிற டேப்பை எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் யுடிலிட்டி, சமையலறைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சந்து. அறை என்றால் அதற்கே கூச்சமாக இருக்கும். ஒரு பக்கம் கருங்கல் துவைகல், கட்டடத்தோடு கட்டியது. இன்னொரு பக்கம் மேலே மூடி திறக்கிற பழைய வாஷிங் மெஷின். நடுவில் நான் மட்டும் நிற்கலாம், மூச்சை இழுத்துப் பிடித்தால். இதில் இன்னொரு மெஷின் எங்கே போகும்?

தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடைக்குப் போனேன். சுறுசுறுப்பான இளைஞர் ஒருவர் ஓடி வந்தார்.

"ஆல் இன் ஒன் எடுத்துக்குங்க மேடம். ஒரே மெஷின். தொவைச்சு, காயவெச்சுக் குடுத்துடும். ஸ்பேஸ் ப்ராப்ளமே பரல்ல, வராது!"

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டிக்கரில் துவைக்க ஒரு கிலோ கணக்கு, காயவைக்க வேறு கிலோ கணக்கு. இரண்டாவது சின்னது. ஏன் என்று கேட்டேன்.

"தொவைச்சதுல பாதி எடுத்துட்டுக் காயவெக்கணும் மேடம்."

"மீதி?"

"வெயிட் பண்ணணும்."

"அது காயற வரைக்கும் அடுத்த துணி?"

"அதுவும் வெயிட் பண்ணணும்..."

வெயிட் பண்ணுகிற மெஷின்தான் வீட்டிலேயே இருக்கிறதே! நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் திரும்பப் போனேன். சும்மா போகவில்லை. துவைத்துப் பிழிந்த விரிப்பு, போர்வை, இரண்டு வேட்டி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் அமுக்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் பக்கெட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

கடை இளைஞர் பதறினார். "மேடம், டெமோ பீஸ்ல ஈரத் துணி போடக்கூடாது. ஆகல்ல, முடியாது மேடம்!"

"காயவைக்கிற மெஷின்ல ஈரத் துணி போடாம, காய்ஞ்ச துணியா போடுவாங்க?"

"ஓனர் ஒத்துக்க மாட்டார் மேடம்."

"சரி, ஓனர் வரட்டும்." பக்கெட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பக்கெட்டைத் தாண்டித்தான் போனார்கள். ஓனர் வந்தார். கொஞ்ச நேரம் என்னை எடை போட்டுப் பார்த்தார். இந்தப் பெண்மணி எழுந்து போகிற ஜாதி இல்லை என்று புரிந்திருக்க வேண்டும். "ஹாக்கப்பா, நோடோண" என்றார் இளைஞரிடம். போடுப்பா, பார்த்துவிடலாம்!

ஒரு டிரையரில் சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே விட வேண்டுமாம். எங்கள் யுடிலிட்டி ஜன்னல் திறப்பது எதிர் ஃப்ளாட் பெண்மணியின் சமையலறைப் பக்கம். கூடாரத்துக்கே அப்படிச் சொன்னவர், ஆவி வந்தால் என்ன சொல்வார்? வேண்டாம் என்றேன். இன்னொரு வகை, ஈரத்தை உள்ளேயே தண்ணீராக்கி ஒரு ட்யூப் வழியாக வடிகாலில் விட்டுவிடும். ஹீட் பம்ப் என்றார்கள். சூடு குறைவு, கரண்ட்டும் குறைவு, நேரம்தான் கொஞ்சம் கூட. என் பக்கெட் துணி அதற்குள்ளே போனது. பேப்பர், வாட்ஸ்அப் எல்லாம் படித்து முடித்தேன். கதவு திறந்தது.

போர்வை கதகதவென்று என் மடியில் வந்து விழுந்தது. எங்கும் ஈரமில்லை. அந்த மழைக்கால நாற்றமும் இல்லை.

இதுதான் என்றேன். துவைக்கும் மெஷினையும் முன்பக்கம் திறக்கிற மாதிரியே மாற்றிவிட்டு, டிரையரை அதன் தலைமேல் ஏற்றிவிடலாம் என்றார் ஓனர். சந்துக்குச் சரியான யோசனை. நானும் தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் ஒன்று உறைத்தது. இதை யார் போட்டு எடுக்கப் போகிறார்கள்? நானா? நான் தினமும் அந்த விரிப்பை உருவுவதுதானே மாமாவுக்குக் கூச்சம்!

"நாளைக்கு என்கூடக் கடைக்கு வாங்க மாமா."

"எதுக்குன்னு கடைக்காரங்கிட்டச் சொல்லுவ?"

"என் புடவைக்குன்னு சொல்றேன்."

யோசித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்த ஜோடியின் முன்னால் மாமாவை நிறுத்தினேன். மேலே இருக்கிற டிரையரில் ஒரு போர்வையைப் போட்டுக் காட்டச் சொன்னேன். காய்ந்த போர்வைதான். கையைத் தூக்கினார். தோள் வரை போனது, அதற்கு மேல் போகவில்லை. எத்தனையோ வருஷம் ஸ்டியரிங் ஒடித்த தோள்.

"ஏறாது அம்மிணி" என்றார் மெதுவாக.

"அப்ப பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கலாம்" என்றேன்.

"எடம்?"

"துவைகல்லை உடைச்சிடலாம்."

கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமாவும்தான். அப்புறம் அவர் பார்வை மெஷின் பக்கம் போனது. கண்ணாடி மாதிரி தொடுதிரை வைத்த ஒன்றை இளைஞர் பெருமையாகக் காட்டினார். மாமா அதில் விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினார். வேறு ஏதோ நடந்தது. பக்கத்தில் சாதாரணத் திருகு வைத்த மெஷின். அதைப் பிடித்துத் திருகினார். கடக், கடக்.

"இதுங் தம்பி. இது கையில புடிபடுது. கண்ண மூடிட்டுக்கூடப் போடலாம்."

விலையை என் கணவர் போனில் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு, "கல்லை உடைக்க ஆள் நான் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

உடைத்தார்கள். வீடு முழுக்கத் தூசி. கனமான ப்ளக்குக்கு எலக்ட்ரீஷியன் தனி லைன் இழுத்தார். சுவருக்குச் சுவர் அளந்தேன், குழாய் அளந்தேன், ஜன்னல் உயரம் அளந்தேன். எல்லாம் சரி.

மெஷின்கள் வந்தன. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு சமையலறையைத் தாண்டினார்கள். யுடிலிட்டி வாசலில் நின்றார்கள்.

உள்ளே போகவில்லை.

அறையை அளந்தேன், சரி. அதன் கதவை யார் அளப்பது?

இப்படித் திருப்பினார்கள், அப்படிச் சாய்த்தார்கள். விரல் அகலம் இடிக்கிறது. திறந்த கதவின் தடிமன்தான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மூத்தவர் கையைத் துடைத்துக்கொண்டு, "ரிட்டர்ன் போட்ருங்க மேடம். சின்ன மாடல் பாத்துக்கலாம்" என்றார்.

சின்ன மாடலில் போர்வை போகாது. எனக்குத் தெரியும், பக்கெட்டோடு போய்ப் பார்த்தவளாயிற்றே!

"இறக்குங்க. இது திரும்பப் போகாது" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

"மேடம், கதவு இருக்கே மேடம்..."

அறைக்குள்ளிருந்து மாமா வந்தார். எதிர் ஃப்ளாட் பெண்மணி, சத்தம் கேட்டு வாசலில் நிற்கிறார். ஆள் வந்தாலே அறைக்குள் போய்விடுகிற மாமா, அன்று எல்லாருக்கும் நடுவில் வந்து நின்று கதவை ஒரு தடவை பார்த்தார்.

"ஏனுங் தம்பி, கதவு எதுக்குங்? கழட்டிப் போடுங்க. உள்ள என்ன, தங்கமா வெச்சிருக்குது?" மகன் பக்கம் திரும்பினார். "டேய், ஸ்க்ரூ ட்ரைவரக் கொண்டா."

கீலைக் கழற்றியவர் என் கணவர். கதவைப் பிடித்துக்கொண்டவர் மாமா. மெஷின் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"எதுக்குங்க இவ்ளோ தொட்டது?" என்றார் எதிர் ஃப்ளாட் பெண்மணி, தமிழும் கன்னடமுமாக. எதற்கு இவ்வளவு பெரிதாக என்று கேட்கிறார். புடவைக்கு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார்.

"எனக்குங்க. ஆபரேஷன் ஆச்சுல்ல, ராத்திரியில படுக்கை நனையுது. அதுக்குத்தான்."

அந்தப் பெண்மணி முகத்தில் கேலி இல்லை. "நம்ம வீட்டுக்காரருக்கும் அதே ஆபரேஷன்தான் அங்கிள். ஆறு மாசம் கஷ்டப்பட்டார். யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

மறுநாள் நான் எழுந்தபோது யுடிலிட்டியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா. விரிப்பை அவரே எடுத்து, அவரே போட்டு, அவரே திருகியிருக்கிறார். காய்ந்ததை மடித்துத் தன் அலமாரியில் அடுக்கிவிட்டுத்தான் காபிக்கு வந்தார். சொம்பு காலியாக ஆரம்பித்தது. ஹனூர்ப் பேச்சு நின்றது. இப்போது விரிப்பு நனைவதும் குறைந்துகொண்டே வருகிறது.

வாஷிங் மெஷின் வாங்குகிறவர்களுக்குக் கடையில் எல்லாம் சொல்வார்கள். எத்தனை கிலோ, எத்தனை நட்சத்திரம், எத்தனை வருஷ வாரண்டி. வீட்டில் யாருக்கு எதைத் துவைக்கக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். அதை நாம்தான் கேட்டுக்கொண்டு போக வேண்டும். கூடவே கதவையும் அளந்துகொண்டு போங்கள்!

இப்போது எல்லார் துணியும் மாமா பொறுப்புதான். போன வாரம் என் காட்டன் ஜாக்கெட் ஒன்றை நல்ல சூட்டில் போட்டு எடுத்துக் கொடுத்தார். எந்தக் குழந்தைக்கும் கச்சிதமாக இருக்கும். "பிரமாதமாக் காய்ஞ்சிருக்கு மாமா" என்றேன்.