மாப்பிள்ளை கொடுத்த கிராபிக்ஸ் கார்டு

எங்க பக்கத்துல மாப்பிள்ளைக்குக் கொடுத்துத்தான் பழக்கம். தீபாவளி, பொங்கல், பிள்ளைக்குக் காதுகுத்துன்னு எல்லாத்துக்கும் பொண்ணு வீட்டுக்காரன்தான் தட்டைத் தூக்கிட்டுப் போகணும். அந்தப் பக்கமிருந்து ஒரு பொருள் நம்ம வாசல் ஏறினதா எனக்கு ஞாபகமே இல்ல. அதனாலதான், என் தங்கச்சி வீட்டுக்காரர் தன்னோட பழைய கிராபிக்ஸ் கார்டைத் துணிக்கடைப் பையில போட்டுக் கொண்டாந்து, "சும்மாவே வச்சுக்கங்க மச்சான்"னு நீட்டினப்ப எனக்குச் சந்தோஷம் வரல, சந்தேகம் வந்தது.

தல்லாகுளத்துல கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றவன் நான். என் கம்ப்யூட்டர்ல படம் ஓட்டுற கார்டு அந்த வாரம்தான் செத்துப்போயிருந்தது. தேவை இருக்குன்னு தெரிஞ்சுதான் கொடுத்தார். இருந்தாலும் கேட்டுட்டேன். "மாப்ள, இதை ஓவர்க்ளாக் ஏதும் பண்ணீங்களா?" கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல முடுக்கி ஓட்டுறதுக்குத்தான் அந்தப் பேரு. குட்டியானை வண்டியில லாரி லோடு ஏத்துற கதை. மேல பாத்தா பளபளன்னு இருக்கும், உள்ள அச்சு போயிருக்கும்.

"சீச்சீ! மூடியைக்கூடத் தொட்டதில்ல மச்சான். ஆபீஸ் விட்டு வந்து கொஞ்ச நேரம் கேம் ஆடுவேன், அம்புட்டுத்தான்."

தொடாதவர் அந்தச் சீச்சீயை எதுக்கு அம்புட்டு வேகமாச் சொல்லணும்?

அவர் போனதும் எங்கம்மா ஆரம்பிச்சுட்டாங்க. "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதடா. நீ பாட்டுக்கு ஒண்ணு சொல்லிருவ, அங்க வாழுறவ அவ." நியாயம்தான். நான் வாய் தவறினா கே.கே. நகர்ல வாக்கப்பட்டிருக்குற என் தங்கச்சி தலையிலதான் விடியும். ஆனா இந்தாளு பொய் சொல்றவரா இருந்தாலும் அவ தலையிலதானே விடியும்? கார்டு கெடக்குது கழுதை, ஒண்ணு போனா இன்னொண்ணு. கட்டிக்கொடுத்த பிள்ளையைத் திரும்பவா கட்டிக்கொடுக்க முடியும்?

அதனால பல்லைப் பிடிச்சுப் பாத்தேன். ஸ்குரூ தலையெல்லாம் சிராய்ப்பு. ஒரு ஸ்குரூ மேல கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கர்ல ஓட்டை. மூடியைத் தொட்டதில்லையாம்! சாதாரணமா, கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர் போட்டு வேகத்தைக் கூட்டியிருந்தா, கார்டைக் கழட்டின பிறகு எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. நானும் அப்படி விட்டிருப்பேன். ஆனா மாட்டிப் பாத்தா, கார்டுக்குள்ளயே பதிஞ்சிருக்குற வேகம் கம்பெனி சொல்ற வேகத்தைவிடக் கூடுதலா நிக்குது. யாரோ வேலை தெரிஞ்ச ஆளு உள்ளயே மாத்தி எழுதியிருக்கான். பிரிச்சுப் பாத்தேன். சூடு கடத்துறதுக்குத் தடவுற பேஸ்ட், இம்புட்டுப் பழைய கார்டுல காஞ்சு உதிரணும். இது புதுசாத் தடவின வெண்ணெய் மாதிரி இருந்தது.

ஃபேனுக்குப் பின்னாடி அலுமினியத் தகடுமேல இன்னொண்ணும் இருந்தது. சந்தனம் வச்சு, அதுமேல குங்குமம்.

ஆயுத பூசைக்கு மெசினுக்குப் பொட்டு வைக்கிறவன் யாரு? கடை வச்சிருக்கிறவன். அப்ப இது ஏதோ கேமிங் சென்டர்ல பகல் முழுக்க அடி வாங்கின கார்டு. அது இவர் கைக்கு எப்படி வந்தது? ஆபீஸ் போறேன்னு சொல்லிட்டு எங்க போய் உக்காந்திருக்கார்? வேலை இருக்கா, போச்சா? ஐயோ, என் தங்கச்சிக்குத் தெரியுமா தெரியாதா?

ஞாயித்துக்கிழமை கார்டை அதே பையில போட்டுக்கிட்டு, அம்மாவையும் கூட்டிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிட்டேன். வாயைத் திறக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணினேன். கறிக்கொழம்பு ஊத்துற வரைக்கும் சத்தியம் தாங்குச்சு.

"மாப்ள, உள்ள குங்குமம் இருக்கு. எந்தக் கடையில இருந்தது இந்தக் கார்டு?"

அவர் முழிச்சார். "கடையா? பெட்டியோட புதுசா நான் வாங்கினது மச்சான்."

"அப்ப பிரிச்சது யாரு? வேலை தெரிஞ்ச எவனோ வேகத்தை ஏத்தியிருக்கான், அவன் யாரு? நேராச் சொல்லுங்க, என் தங்கச்சி வாழ்க்கை இதுல இருக்கு." அம்மா என் தொடையில கிள்ளினாங்க. மாப்பிள்ளை முகம் செவந்துபோச்சு, இலையை விட்டு எந்திரிக்கப் போனார்.

கரண்டியும் கையுமா நின்ன தங்கச்சி சொன்னா: "உக்காருங்க. பிரிச்சது நான்தான்."

"நீயா?" ரெண்டு பேரும் ஒண்ணாக் கேட்டோம்.

"பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து நானும் கேம் ஆடுவேன். திக்கித் திக்கி ஓடுச்சு. வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டு வேகத்தை ஏத்தினேன். சூடாச்சு, பிரிச்சுப் பேஸ்ட் மாத்தினேன். இந்த வீட்டுல மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டி எல்லாத்துக்கும் நான்தான் பொட்டு வைக்கிறேன். அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

மாப்பிள்ளை மெதுவாக் கேட்டார். "அப்ப கேம்ல என் பேர்ல ஏறின பாயிண்ட்டெல்லாம்?"

"நீங்க சாயங்காலம் தோத்ததை நான் மறுநாள் காலையில மீட்டேன்."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. அம்மா, "முருகா!"ன்னு நெஞ்சுல கை வச்சாங்க. எனக்கும் உசுரு திரும்பி வந்தது. வேலை போகல, பொய் இல்ல, என் தங்கச்சி நல்லாத்தான் இருக்கா. நானும் சிரிச்சேன், இன்னொரு கரண்டி கொழம்பு கேட்டேன்.

அவ ஊத்தல. சிரிக்கவும் இல்ல.

"இவரைச் சந்தேகப்பட்ட. எவனோ கடைக்காரனைச் சந்தேகப்பட்ட. வேலை தெரிஞ்ச ஆளுன்னதும் ஊரையே சுத்தி வந்திருக்க. நானா இருக்குமோன்னு உனக்கு ஒரு தடவைகூடத் தோணலையாண்ணே?"