திரும்பி வந்த முதல்

ஹூஸ்டனில் மார்ச் மாதம் தபால்பெட்டியைத் திறந்தால், என்னைப் பங்குதாரர் என்று மரியாதையாக அழைக்கும் ஒரு கடிதம் கிடக்கும். எண்ணெய்க் குழாய் போட்டு வாடகை வாங்கும் கம்பெனி அது. பங்குச்சந்தையில் யார் வேண்டுமானாலும் யூனிட் எனப்படும் அதன் பங்கை வாங்கலாம். நானும் வாங்கினேன். மற்ற பங்குதாரர்களில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. என் பங்கின் வருடக் கணக்கைச் சொல்லும் கே-1 என்ற அந்தக் காகிதத்தைப் படிக்காமலே, வரிக்கணக்கு எழுதித் தரும் லிண்டா அம்மையாரிடம் கொடுத்துவிடுவேன்.

போன வருடம் யூனிட்களை விற்றேன். வாங்கியதைவிடக் குறைந்த விலை. “நஷ்டம்” என்று லிண்டாவிடம் முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் சிரித்தார். “மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் வந்ததே, அதை என்னவென்று நினைத்தீர்கள்?” லாபம் என்றேன். “பெரும்பாலும் இல்லை. நீங்கள் போட்ட முதல்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வாங்கிய விலையில் அதைக் கழித்துவிட்டுத்தான் விற்ற கணக்கை எழுத வேண்டும்.” கழித்ததும் என் நஷ்டம் லாபமாகிவிட்டது, அதில் ஒரு பகுதிக்குச் சம்பளத்துக்குப் போலவே வரி. நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை வரிக் கவலை என்று எடுத்துக்கொண்டு, தவணையில் கட்டலாம் என்றார். எனக்கோ ராஜபாளையம் ஞாபகத்துக்கு வந்திருந்தது.

அங்கே என் அக்காவைக் கட்டிய அத்தானின் ஷெட்டில், ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்யும் எட்டுத் தறியில், நானும் பங்கு போட்டிருந்தேன். இங்கே வீடு வாங்குவதற்காக நாலு வருடத்துக்கு முன் போய் நின்றேன். “போட்டதை முழுசாக் குடுங்க அத்தான்.”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஏலே, அம்மாவ ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தமே, உன் பங்குச் செலவு அம்புட்டும் இந்த ஷெட்டுல இருந்துதானல போச்சு?”

“அது குடும்பம், இது தொழில்” என்று சட்டம் பேசினேன்.

அத்தான் அவளை அடக்கினார். “விடு. செத்த பொறுங்க மாப்ளே, ரெண்டு தறிய வித்துத் தாரேன்.”

தந்தார். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டதை என் பெருந்தன்மை என்று வேறு நினைத்தேன்.

லிண்டாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலையே போன் செய்தேன். அங்கே விடிந்து, ஷெட்டைத் திறந்திருந்தார். “அத்தான், அன்னைக்கு முழுசா வாங்குனது தப்பு. அம்மா செலவக் கழிச்சிருக்கணும். திருப்பி அனுப்புறேன்.” கூனிக் குறுகித்தான் சொன்னேன்.

“அதெல்லாம் எதுக்கு மாப்ளே? அவிய எனக்கும் அம்மாதான். ஆடித் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வாரியளா, அதச் சொல்லுங்க. அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா.”

பின்னால் தறிச் சத்தம். சத்தத்தை வைத்தே எத்தனை ஓடுகிறது என்று சொல்லப் பழகிய காது என்னுடையது. ஆறு. அவர் தேரைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். நான் ஹூஸ்டனில் உட்கார்ந்து மற்ற இரண்டின் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.