அடிக்குரல் கேட்டுப் பகேரியாவுக்கு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இத்தாலியின் பலெர்மோவிலிருந்து பகேரியாவுக்குப் போய் வந்தோம். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. ஆகவே எங்கள் பயணங்கள் எல்லாம் வியாழனில்தான்.

பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் பங்குக் கோவிலுக்கு அருகே முன்பு ஒரு கன்னியர் மடம் இருந்தது. உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. அங்கே வாழ்ந்த சுவோர் (அருட்சகோதரி) ஒர்த்தென்சியா திருப்பாடல்களுக்கு இசை அமைத்தவர். இந்த ஊர்க்காரர் பலருக்கே அவரைத் தெரியாது. அவருடைய பாடல் ஒன்றைத் திருநாளுக்குத் தமிழ்ப் பாடகர் குழு பாடட்டும் என்றார் பங்குச் சுவாமி. நாலு குரல் பாட்டு. அதில் மிகத் தாழ்ந்த அடிக்குரல் ஆண்களுக்கு என்று நாங்களாக முடிவு செய்துவிட்டோம். எங்கள் ஆண்களுக்கோ ஞாயிறும் உணவகத்தில் வேலை. அடுத்து வரும் ஞாயிறுக்குள் ஆள் கிடைக்காவிட்டால் பாட்டு வேறு குழுவுக்குப் போய்விடும்.

சுவோர் பிறந்த ஊர் பகேரியா. அங்குள்ள கோவிலில் இரண்டு ஆண் பாடகரை இரவல் கேட்கலாம் என்று குழுத் தலைவி றீற்றா அக்காவும் நானும் கிளம்பினோம். நடந்தே நிலையத்துக்குப் போனோம். ரயிலில் கால் மணி நேரம். ஒருவருக்கு இரண்டு யூரோ எண்பது சதம்.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கோவில் பூட்டு.

"நாலு மணிக்குத்தான் திறப்பினமாம். வெயிலுக்கை காயவோ வந்தனாங்கள்?" என்றார் அக்கா.

"செபமாலை சொல்லுவம் அக்கா, நேரம் போயிடும்."

மூன்று செபமாலை முடிந்தபின் அங்கே ஓர்கன் வாசிக்கும் சிஞ்ஞோரா, ஓர் இத்தாலிய அம்மா, வந்து திறந்தார். எங்கள் கோரிக்கையைக் கேட்டதும் சிரித்துவிட்டார். கன்னியர் மடத்துக்குள் ஆண்கள் ஏது? சுவோர் எழுதியது தன் சகோதரிகள் கம்பிக்குப் பின்னால் நின்று பாடுவதற்கு. அடிக்குரலை அவர்களில் தடித்த குரலுள்ள ஒருத்தி ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடுவாள். கீழே ஓர்கன் தாங்கிக்கொள்ளும்.

அக்கா என்னைப் பார்த்தார். "கேட்டியோ? உன்ரை மனுசனை ரெண்டு கிழமையாக் கெஞ்சினது வீண்."

"நான் எங்கை கெஞ்சினனான்? நீங்கள்தான் மீன் பொரிச்சுக் குடுத்துப் பாத்தனீங்கள்."

சிஞ்ஞோரா ஓர்கனில் உட்கார்ந்து, அடிக்குரலைப் பாடும்படி அக்காவுக்குக் கை காட்டினார்.

"என்ரை தடிச்ச குரல், பிள்ளை. சபையிலை எடுபடாது. அதாலைதான் நான் வாயசைக்கிறதோடை நிக்கிறனான்."

இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பாடியும் எனக்கு அது தெரியாது.

"இஞ்சை ஆர் இருக்கினம்? பாடுங்கோ."

முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் சிஞ்ஞோரா ஓர்கன் சத்தத்தைக் குறைத்துவிட்டு அக்காவின் குரலைக் காது கொடுத்துக் கேட்டார். முடிந்ததும், "ஆண்கள் எதற்கு?" என்றார்.

ஞாயிறன்று பூசையில் அக்கா பாடினார். நற்கருணைக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திருநாள் பாட்டு எங்களிடமே இருக்கட்டும் என்று சுவாமி சொல்லிவிட்டார்.

பகேரியா போகிறவர்கள் நாலு மணிக்குப் பிறகு போங்கள். மதியத்தில் கோவில்கள் பூட்டியிருக்கும். தண்ணீர் கொண்டு போங்கள். பெண்கள் மட்டும் உள்ள பாடகர் குழுக்களுக்கு இன்னொன்று: அடிக்குரலுக்கு வெளியே ஆள் தேடுமுன், உங்களில் வாயை மட்டும் அசைப்பவர் யார் என்று பாருங்கள்.